அது துப்பல் இல்லை, தண்ணி

நான் ட்ரம்பெட் வாசிச்சனான் எண்டு சொன்னால், ஆட்கள் முதலில் கேட்பது பாட்டைப் பற்றி இல்லை. "அதுக்குள்ளால வடியிறது துப்பல்தானே?" என்றுதான் கேட்பார்கள். கேட்கும்போதே முகம் சுளிந்துவிடும். பல்கலைக்கழகத்தில் கேட்டிருக்கிறார்கள், கலியாண வீட்டில் கேட்டிருக்கிறார்கள், ஒருக்கால் பஸ்ஸில் பக்கத்து சீற்றில் இருந்த அன்ரியும் கேட்டவா. ஐந்து வருசம் பள்ளிக்கூட பாண்டில் ஊதியதற்கு எனக்கு மிஞ்சியது இந்தக் கேள்விதான். சரி, ஒழுங்காக ஒரு பதில் எழுதிவிடுவம் எண்டு இருந்தால், அது நான் நினைத்ததைவிட நீண்டுவிட்டது. அந்தக் கேள்விக்குள் இருப்பது தண்ணி மட்டும் இல்லை.

முதலில் தண்ணியின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கட வாயால் வெளியே வருகிற மூச்சு கிட்டத்தட்ட 34 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கும். அந்தச் சூட்டில் காற்று எவ்வளவு நீராவியைத் தாங்குமோ, ஏறத்தாழ அவ்வளவையும் சுமந்துகொண்டுதான் வரும். ஒரு கன மீற்றருக்கு 37 கிராம் அளவில் எண்டு வையுங்கோ. அந்த மூச்சு பித்தளைக் குழாய்க்குள் போனதும் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு நீராவியைத் தாங்க ஏலாது. மிச்சம் குழாயின் உட்சுவரில் துளித்துளியாக ஒட்டிக்கொள்ளும். ஐஸ் போட்ட கிளாஸ் வெளிப்பக்கமாக வியர்க்கிறதைப் பார்த்திருப்பீர்கள். அதே விசயம்தான் ட்ரம்பெட்டுக்கு உள்ளே நடக்கிறது.

ட்ரம்பெட்டை நிமிர்த்தி நீட்டினால் கிட்டத்தட்ட ஒன்றரை மீற்றர் நீளக் குழாய். அதை வளைத்துச் சுருட்டி வைத்திருப்பதால் துளிகள் வழிந்து ஆகக் கீழே இருக்கிற வளைவில் தேங்கும். தேங்கினால் வாய் கொப்புளிக்கிற மாதிரி ஒரு சத்தம் பாட்டோடு சேர்ந்து வரும். அதுக்காகத்தான் அந்த வளைவில் ஒரு சின்ன ஓட்டையும் அதை மூடி வைக்கிற சின்னத் தட்டும் இருக்கின்றன. விரலால் அமத்தி மெல்ல ஊதினால் தண்ணி வெளியே போய்விடும். இந்தத் தட்டுக்கு இங்கிலீசில் இரண்டு பெயர். ஒன்று 'வாட்டர் கீ'. மற்றது 'ஸ்பிட் வால்வ்', துப்பல் வால்வு. எங்கட பாண்ட் அறையில் இரண்டாவது பெயர்தான் புழங்கியது. துப்பல் கொஞ்சமும் சேராது எண்டு நான் சொல்ல வரவில்லை. வாய் வைத்து ஊதுகிற சாமான், கொஞ்சம் சேரத்தான் செய்யும். ஆனால் வடிகிறதில் பெரும்பங்கு மூச்சில் இருந்து வந்த வெறும் தண்ணி.

இதை நாங்கள் கண்ணால் பார்த்தது நுவரெலியாவில். ஒரு வருசம் பாண்டோடு அங்கே போயிருந்தோம். விடியக்காலை ஒத்திகை. யாழ்ப்பாணத்தில் எப்பவாவது தட்டைத் திறக்கிற நாங்கள் அங்கே ஒவ்வொரு பாட்டுக்கும் திறந்தோம். எங்களுக்கு ஏதோ வருத்தம் எண்டு இரண்டு பேர் பயந்தேவிட்டினம். கணக்குப் பார்த்தால் விளங்கும். 28 பாகையில் ஒரு கன மீற்றர் காற்று 27 கிராம் அளவு நீராவியைத் தாங்கும். 16 பாகையில் 14 கிராம்கூடத் தாங்காது. மூச்சு வெளிச்சூட்டுக்கு முழுசாகக் குளிர்ந்தால், யாழ்ப்பாணத்தில் 10 கிராம் தண்ணியாகும். நுவரெலியாவில் 23 கிராமுக்கு மேல். எங்கட வாயில் ஒரு மாற்றமும் இல்லை, வெளியே குளிர், அவ்வளவுதான். துப்பல் எண்டால் அது காலநிலையைப் பார்த்துக் கூடிக் குறையாது.

ஆனால் பெயர் துப்பல் எண்டு விழுந்துவிட்டால், பெண் பிள்ளைகளுக்கு அது வேற மாதிரி. இல்ல விளையாட்டுப் போட்டி அணிவகுப்பில் நிற்கும்போது தட்டைத் திறந்து நிலத்தில் தண்ணியை விட்டால், மதில் பக்கம் நிற்கிற பெடியள் "துப்புறாளவை" எண்டு கத்துவார்கள். அதுக்குப் பயந்து சிலர் திறக்கவே மாட்டினம். பிறகு பாட்டு முழுக்க கொப்புளிக்கிற சத்தம். எங்கட பாண்ட் சேர் ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு, "பிள்ளையள், தண்ணி எண்டு நினைச்சுக் கொட்டுங்கோ. துப்பல் எண்டு நினைச்சுத்தான் வெக்கப்படுறியள்" எண்டார். அடுத்த நாள் பாண்ட் அறையில் எல்லாரின் காலடியிலும் ஒரு பழைய துவாய்த் துண்டு கிடந்தது.

குடிக்கிற விசயத்தில்தான் சேர் கண்டிப்பு. விளையாட்டுப் போட்டி எண்டால் பெற்றோர் பாவப்பட்டு சோடா தருவார்கள், நெல்லி கிரஷ் கரைத்துத் தருவார்கள், பால்தேத்தண்ணி வரும். அத்தனையிலும் சீனி. குடித்த கையோடு ஊதினால் வாயில் இருக்கிற சீனி கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்க்குள் போகும். தண்ணி காய்ந்துவிடும், சீனி காயாது. ட்ரம்பெட்டில் வால்வு ஒட்டிக்கொண்டு மேலே வராது. கிளாரினெட்டில் ஓட்டைகளை மூடுகிற மெத்தைத் துண்டுகள் ஒட்டி, விரலை எடுத்தாலும் திறக்காது. அந்தப் பிசுக்கை எடுக்க சிகரெட் சுத்துகிற மெல்லிய தாளை இடையில் வைத்து அமத்தி எடுக்க வேணும். அந்தத் தாளை சேர்தான் வாங்கிக்கொண்டு வருவார். பள்ளிக்கூடச் சட்டையோடு நாங்கள் போய்க் கேட்டிருந்தால் கடைக்காரர் அண்டைக்கே வீட்டுக்குச் சொல்லியிருப்பார்.

சோடாவுக்கு இன்னொரு தண்டனை உண்டு. நீளமான சுரத்தை இழுக்கிற நேரம் பார்த்து ஏவறை வரும். அதனால் சேரின் சட்டம் இது: ஊதுற நேரத்தில் வெறும் தண்ணி, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. உதடு காய்ந்தால் அது அதிராது, அதிராவிட்டால் சத்தமே வராது, ஆகவே குடிக்காமலும் இருக்கக்கூடாது. வேறு ஏதாவது குடித்தால் பைப்படியில் போய் வாய் கொப்புளித்துவிட்டு வந்து ஊது. தேத்தண்ணி இடைவேளைக்குப் பிறகு முப்பது பிள்ளைகள் வரிசையில் நின்று வாய் கொப்புளிக்கிறதைப் பார்த்து மற்ற ரீச்சர்மார் சிரிப்பார்கள்.

இவ்வளவு சுத்தம் பார்த்த பாண்டில்தான் இன்னொன்றும் நடந்தது.

எங்களிடம் நாலு ட்ரம்பெட் இருந்தன. ஊதுகிற பிள்ளைகள் ஏழு பேர். வாய் வைக்கிற மௌத்பீசும் நாலுதான். ஒருத்தி ஊதி முடித்தால் சட்டைத் தொங்கலில் ஒரு துடை துடைத்துவிட்டு அடுத்தவள் ஊதுவாள். ஒருத்திக்குத் தடிமன் வந்தால் கிழமை முடியிறதுக்குள் ஏழு பேருக்கும் வரும். அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் ஏழு பேரில் ஒரு பிள்ளை ஊதிய ட்ரம்பெட்டை மட்டும் இரண்டு பேர் வாங்கமாட்டார்கள். வேறு ட்ரம்பெட் காலியாகும் வரைக்கும் நிற்பார்கள். ஏன் எண்டு கேட்டதற்கு அதில் ஒருத்தி, "அம்மா எச்சில் வேண்டாமெண்டவா" எண்டாள். மற்ற ஐந்து பேரின் எச்சிலைப் பற்றி அந்த அம்மா ஒண்டும் சொல்லியிருக்கவில்லை.

அந்தப் பிள்ளை எந்த ஊர், ஊரில் எந்தக் குறிச்சி எண்டு தெரிந்தால் எங்கட பக்கத்தில் மிச்சத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. சாதி எண்ட சொல் அந்த அறைக்குள் ஒருநாளும் கேட்டதில்லை. எச்சில் எண்ட சொல்லே அந்த வேலையைச் செய்தது.

எங்கள் ஏழு பேரிலும் அவளுக்குத்தான் மூச்சு நீளம். நாங்கள் இரண்டு தரம் மூச்செடுத்து முடிக்கிற வரியை அவள் ஒரே மூச்சில் கொண்டுபோய் நிறுத்துவாள். அடுத்த தவணை அவள் சைட் ட்ரம்முக்கு மாறிவிட்டாள். ஏனடி எண்டு கேட்டேன். "அதுக்கு ஒருத்தரும் வாய் வைக்கத் தேவையில்லைத்தானே" எண்டாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

எச்சில் எண்ட சொல்லை இதே அர்த்தத்தில் நான் பிறகு கேட்டது எங்கட ஒழுங்கையில் இருந்த ஒரு நாதஸ்வர வித்துவானிடம். நான் அவரை மாமா எண்டுதான் கூப்பிடுவேன். நானும் ஊதுகிற ஆள் எண்டதால் எங்களுக்குள் ஒரு கூட்டு இருந்தது. என்ர ட்ரம்பெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது வேர்க்கிற சாமான். எங்கடது குடிக்கிற சாமான்" எண்டார்.

அவர் சொன்னது சரிதான். நாதஸ்வரம் மரம். ஆச்சா மரத்தில் கடைவது. தமிழ்நாட்டில் நரசிங்கம்பேட்டை எண்ட ஊர் இதற்குப் பேர் போனது. அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022 இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழைய வீடுகளில் இருந்து கழற்றிய, வருசக்கணக்காகக் காய்ந்த மரத்தைத் தேடி எடுத்துச் செய்வார்கள். ஊதும்போது மரத்தின் உட்பக்கம் ஈரத்தைக் குடித்து ஊதும். வெளிப்பக்கம் காய்ந்தபடி நிற்கும். சரியாகக் காயாத மரம் அந்த இழுவையில் வெடித்துவிடும். மரத்தில் செய்த கிளாரினெட்டுக்கும் இதே ஆபத்துத்தான். எங்கட பள்ளிக்கூடத்தில் இருந்தவை பிளாஸ்ரிக் எண்டதால் தப்பின.

சீவாளியின் கதை இன்னும் சுவாரசியம். நாணலில் செய்கிற அந்தச் சின்னத் துண்டை வாயில் வைத்து நனைத்து இளக்கினால்தான் அது பேசும். அதே ஈரம் கூடிப்போனால் ஊறிச் சோர்ந்துவிடும். நாதஸ்வரத்தில் நூலில் கட்டி மூன்று நாலு சீவாளிகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நான் சின்ன வயசில் அதை அலங்காரம் எண்டு நினைத்திருந்தேன். அவை மாற்றுச் சீவாளிகள். கூடவே தொங்குகிற ஊசி சீவாளியின் வாயைச் சரிபண்ண. ஈரம் இல்லாவிட்டாலும் பாட்டு இல்லை, கூடினாலும் பாட்டு இல்லை.

திருவிழா இரவுகளில் மாமாவின் பையில் இரண்டு சாமான் கட்டாயம் இருக்கும். ஒன்று சுடுதண்ணிப் போத்தல். மற்றது ஒரு எவர்சில்வர் பேணி. சாமி வெளிவீதி சுற்றி முடிய நேரம் எடுக்கும். இடையில் இளஞ்சூட்டில் இரண்டு மிடறு தண்ணி குடிப்பார். பால் தொடமாட்டார், தொண்டை பிசுபிசுக்கும் எண்டு. தேத்தண்ணி எண்டால் சீனி போடாத பிளேன்டீ. சுடுதண்ணி விளங்குது, கோயிலில் பேணி இல்லாமலா நீங்கள் ஒன்று காவுறியள் எண்டு கேட்டேன்.

"பிள்ளை, நான் மல்லாரி வாசிக்கேக்க எனக்கு முன்னால கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நிப்பினம். முடிஞ்சு தேத்தண்ணி வரேக்க மற்றவைக்குப் பேணி, எனக்குக் கடதாசிக் கோப்பை. கேட்டால் 'ஊதுற வாய்தானே' எண்டுவினம். எல்லா இடத்திலயும் இல்லை, சில இடத்தில. அது எந்த இடம் எண்டு போய்ப் பார்த்து அறியிறதை விட, நானே பேணி கொண்டு போனால் ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை."

அதைக் கோபமில்லாமல், சீவாளி கட்டுகிறது எப்படி எண்டு சொல்கிற அதே குரலில் சொன்னார்.

எங்கட ஊரில் பேணிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. மூக்குப்பேணியை இப்போது பழம்பொருள் எண்டு கண்ணாடி அலுமாரியில் வைக்கிறோம். உதடு படாமல் அண்ணாந்து குடிக்கிறதுக்குத்தான் அதற்கு மூக்கு. அழகான சாமான்தான். அதே காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதி ஆட்களுக்குச் சிரட்டையில் தண்ணி கொடுத்ததும், தேத்தண்ணிக் கடைகளில் அவர்களுக்குத் தனியாகப் போத்தலும் பேணியும் வைத்ததும் இதே யாழ்ப்பாணம்தான். 1957 இல் அதைத் தடுக்கச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் போதாமல் 1960களில் தேநீர்க்கடைகளுக்குள்ளும் கோயில்களுக்குள்ளும் போவதற்கு ஆட்கள் அடிவாங்கிப் போராட வேண்டி இருந்தது. அந்தப் போராட்டத்தால் சிரட்டை போனது. கடதாசிக் கோப்பை வந்தபோது அதைச் சுகாதாரம் எண்டு சொல்ல முடிந்தது. எனக்கும் கடதாசிக் கோப்பையில் தந்தால் அது சுகாதாரம். ஒருவருக்கு மட்டும் தந்தால் அதற்கு வேறு பெயர்.

தவில் தெட்சணாமூர்த்தியின் பெயரையும் அளவெட்டி என். கே. பத்மநாதனின் பெயரையும் சொல்லிப் பெருமைப்படுகிற மண் இது. தாலி கட்டுகிற நேரம் நாதஸ்வரம் கேட்காவிட்டால் எங்களுக்குக் கலியாணம் நடந்த மாதிரியே இருக்காது. அந்த மூச்சு மங்களம் எண்டு ஏற்றுக்கொள்கிறோம். அது புறப்பட்டு வருகிற வாய் மட்டும் எச்சில் எண்டால், எனக்கு அந்தக் கணக்கு விளங்கவில்லை.

அப்ப ஈரத்தால் ஆபத்தே இல்லையா? இருக்கு. ஆனால் நாங்கள் பயப்படுகிற இடத்தில் இல்லை.

2016 இல் 'தோராக்ஸ்' எண்ட மருத்துவ இதழில் இங்கிலாந்து வைத்தியர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். 61 வயது. தினமும் பாக்பைப் வாசிக்கிறவர். ஏழு வருசமாக வறட்டு இருமலும் மூச்சிழுப்பும். மருந்துக்கு மசியவில்லை. இடையில் மூன்று மாதம் அவுஸ்திரேலியாவுக்குப் போயிருந்தபோது மட்டும் சுகமாக இருந்திருக்கிறார். பாக்பைப் வீட்டில் இருந்தது. வைத்தியர்கள் அதன் பைக்குள்ளும் குழாய்களுக்குள்ளும் மாதிரி எடுத்துப் பார்த்தால், விதம்விதமான பூஞ்சணங்கள். உள்ளே தங்கின ஈரத்தில் வளர்ந்தவை. ஒவ்வொரு நாளும் அவற்றின் வித்துகளை அவர் உள்ளே இழுத்திருக்கிறார். நுரையீரல் மீளமுடியாமல் பழுதாகி, 2014 இல் அவர் இறந்துபோனார். அமெரிக்காவிலும் ஒரு ட்ரொம்போன் கலைஞரின் கதை 2010 இல் வெளியானது. பதினைந்து வருச இருமல். கருவிக்குள் கிருமிகள் இருந்ததைக் கண்டுபிடித்து, அதை ஒழுங்காக ஸ்பிரிற்றால் கழுவத் தொடங்கிய பிறகு அவருக்குச் சுகம் வந்தது.

இரண்டு பேரும் வேறு ஒருவரின் எச்சிலால் நோய்ப்படவில்லை. தங்கள் சொந்த மூச்சு, தங்கள் சொந்தக் கருவிக்குள் காயாமல் கிடந்ததுதான் காரணம். மூச்சு யாருடையது எண்டு பூஞ்சணத்துக்குத் தெரியாது. ஈரம் இருக்கா, சாப்பிட ஏதாவது ஒட்டியிருக்கா எண்டுதான் அது பார்க்கும்.

அதோடு, எங்கட ஊரில் காய்கிறது மலைநாட்டைவிட லேசு எண்டும் நினைக்கக்கூடாது. தண்ணி குறைவாகச் சேரும், உண்மைதான். ஆனால் மாரி மாதங்களில் வெளிக்காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும். ஊதி முடித்த ட்ரம்பெட்டை அப்படியே பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் அடுத்த கிழமை திறக்கும்போது மணக்கும். பித்தளையும் உள்ளுக்குள் அரிக்கும். வெளியே செந்நிறப் புள்ளிகளாகத் தெரியத் தொடங்கும்போது நேரம் பிந்திவிடும்.

2020 இல் கொரோனா வந்தபோது எல்லாருடைய மூச்சும் ஒரேயடியாகப் பயத்துக்குரியதாகிவிட்டது. அம்மாவின் மூச்சு, சேரின் மூச்சு, ஐயரின் மூச்சு, எல்லாம். பாண்டுகள் நின்றன. திரும்பத் தொடங்கியபோது, இப்போது அங்கே படிக்கிற என்ர தங்கச்சி சொல்கிறாள், பழைய மாணவர்கள் சேர்ந்து ஆளுக்கொரு மௌத்பீஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பழகி முடிந்ததும் ஒரு பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணியும் சவர்க்காரமும். அதில் எல்லாருடையதையும் ஒன்றாகப் போட்டு, முறைவைத்து இரண்டு பேர் கழுவுகிறார்கள். யாருடையதை யார் கழுவுவது எண்டு யாரும் கேட்பதில்லையாம். ஏழு மௌத்பீஸ் எங்களிடம் இருந்திருந்தால் என்ர சிநேகிதி ட்ரம்பெட்டிலேயே நின்றிருப்பாளோ எண்டு யோசித்தேன். நின்றிருக்கலாம். ஆனால் அந்த அம்மாவுக்குப் பிரச்சினையாக இருந்தது மௌத்பீசின் எண்ணிக்கை இல்லை. ஒரே பேசினில் எல்லாவற்றையும் போட்டுக் கழுவுகிறதைத்தான் அவவால் பொறுத்திருக்க முடியாது. அதனால் எனக்கு அந்தப் பேசின்தான் கூடப் பிடித்திருக்கிறது.

இப்போது பாண்டில் இருக்கிற தங்கச்சி, தம்பிமாருக்கு நான் சொல்வது இதுதான். ஊதும்போது தண்ணி குடியுங்கோ. சீனி உள்ளது எதைக் குடித்தாலும் கொப்புளித்துவிட்டு ஊதுங்கோ. தட்டைத் திறந்து தண்ணியை வெட்கப்படாமல் கொட்டுங்கோ, கீழே ஒரு துணி போட்டால் போதும். கிளாரினெட்டுக்குள்ளால் ஒவ்வொரு நாளும் துணி இழுங்கோ. பெட்டியை மூட முதல் கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கோ. மௌத்பீசைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கோ, அதற்குப் பிறகு அதை யார் வாங்கினாலும் கொடுங்கோ, யார் தந்தாலும் வாங்குங்கோ.

திருவிழாவில் உபயகாரராகவோ தொண்டராகவோ நிற்கிற ஆட்களுக்கும் ஒன்று. மேளம் முடிந்ததும் வித்துவான்மாருக்குக் குடிக்கக் கொடுக்கிறது இளஞ்சூட்டுத் தண்ணியாகவோ சீனி போடாத தேத்தண்ணியாகவோ இருந்தால் அவர்களுக்கு உதவி. எந்தப் பேணியில் நீங்கள் குடிக்கிறீர்களோ அதே பேணியில் கொடுங்கோ. பேணியைப் பிரித்து வைக்கிறதால் ஒரு கிருமியும் சாகப்போவதில்லை. கழுவிக் காயவைத்தால் போதும்.